பழைய டபிள் கப்புக்கு வீட்டு முற்றத்திலேயே கிளச் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப்பை, அதாவது 1988 முதல் 1997 வரை வந்த எல்என்106 வகையை வைத்து இதை எழுதுகிறேன். 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின், முன்னுக்கும் பின்னுக்கும் இலை ஸ்பிரிங், தேவையானபோது மட்டும் போடும் நாலு சில்லு ஓட்டம். அதே காலத்து எல்200, நிசான் டி21 போன்றவற்றுக்கும் வேலையின் வரிசை இதுதான். போல்ட் அளவுகளும் லீவர் கழற்றும் விதமும் மாறும்.

பிறேக் ஷூ மாற்றிப் பழகிய கை இருந்தால் இதைச் செய்யலாம். ஆனால் தனியாள் வேலை இல்லை. இரண்டு பேர், இரண்டு முழு நாள் என்று கணக்குப் போடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களைப் பார்த்தால், அனேகமாக வரிசை பிசகியதுதான் காரணமாக இருக்கும். அதனால் எதை எதற்கு முன் செய்வது என்பதைத்தான் கூடுதலாகச் சொல்கிறேன்.

1. கிளச்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கியர்பொக்ஸை இறக்கிய பிறகு “பிளேட் நல்லாத்தானே இருக்கு” என்று நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு விதமான குறைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அந்த நிலை வராது.

கிளச் வழுக்குகிறதா? நேரான, வெறும் வீதியில் நாலாம் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கிறது. இதற்குப் பெட்டியை, அதாவது கியர்பொக்ஸை, இறக்கத்தான் வேண்டும்.

கியர் விழ மறுக்கிறதா, ரிவேர்ஸ் போடும்போது கரகரக்கிறதா? அப்படியென்றால் முதலில் பெடலோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் கியர்பொக்ஸ் பக்கம் இருக்கும் சிலேவ் சிலிண்டரையும் பாருங்கள். பெடலுக்கு மேலே கபினுக்குள் ஈரம் கசிந்திருக்கிறதா, சிலேவின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்தாலே அனேகமாகத் தெரிந்துவிடும். கசிவு இருந்தால் ரப்பர் கிட் போட்டு, எயார் எடுத்த (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிய) பிறகு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

சத்தத்தையும் கவனியுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று வந்தால் ரிலீஸ் பெயரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்தவுடன் நின்றால் அது கியர்பொக்ஸின் உள்ளே இன்புட் ஷாஃப்ட் பெயரிங். புதுக் கிளச் போட்டாலும் அந்த இரைச்சல் போகாது. பெட்டி இறங்கும் நாளிலேயே அதையும் செய்விக்கத் திட்டமிடுங்கள்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

பிரஷர் பிளேட் (கிளச் பிளேட்டை எஞ்சினின் பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது), கிளச் பிளேட், ரிலீஸ் பெயரிங் (பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளுவது), பைலட் பெயரிங் ஆகிய நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பெயரிங் இரண்டும் விலையில் சின்னது. ஆனால் அதில் ஒன்று பிறகு போனால் இந்த இரண்டு நாள் வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். கூடவே கிராங்கின் பின் ஒயில் சீல், கியர்பொக்ஸின் முன் சீல், பிளேட்டை நடுவில் பிடிக்கும் பிளாஸ்டிக் அச்சு, டொட்-3 பிறேக் ஒயில், 75டபிள்யூ-90 கியர் ஒயில், மொலிப்டினம் கலந்த கிறீஸ், பிறேக் கிளீனர் இரண்டு டின்.

சாமான் ஸ்டான்லி வீதிக் கடைகளில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்கலாம். ஒரே பெயருள்ள வண்டிக்கு வெவ்வேறு எஞ்சின் வந்திருக்கிறது, எஞ்சினைப் பொறுத்துப் பிளேட்டின் விட்டம் மாறும். ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காமல் எஞ்சின் வகையையும் செசி நம்பரையும் கொடுத்து வாங்குங்கள். சாமான் வரும் மட்டைப் பெட்டிக்கு மேலே அச்சிட்ட பெயரை மட்டும் நம்பாதீர்கள், போலிச் சாமான் நிறைய ஓடுகிறது. பிளேட்டைக் கையில் எடுத்து ரிவெட் சீராக இருக்கிறதா, நடு ஸ்பிரிங்குகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். பழையதோடு ஒப்பிட்டு முடியும் வரை மாற்றித் தருவீர்களா என்று கடைக்காரரிடம் முதலே கேட்டு வையுங்கள்.

ஆயுதத்தில் மூன்றை விட்டுக்கொடுக்க முடியாது: பாரம் தாங்கும் ஜக் ஸ்டான்ட் நாலு, பெட்டியை இறக்க ஒரு ட்ரொலி ஜக், டோர்க் ரெஞ்ச். அதோடு எஞ்சினைத் தாங்க இன்னொரு ஜக், நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பிகள், ஸ்னாப் ரிங் குறடு, பாரம் கட்டும் ரச்செட் பெல்ட். கியர்பொக்ஸ் தாங்கும் தட்டுள்ள ஜக்கைத் தெரிந்த கராஜில் ஒரு நாளுக்கு வாடகைக்குக் கேட்கலாம். கியர்பொக்ஸும் அதோடு பூட்டிய ட்ரான்ஸ்ஃபரும் (முன், பின் சில்லுகளுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் பெட்டி) சேர்ந்தால் இரண்டு பேர் கீழே படுத்தபடி தாங்கும் பாரம் இல்லை.

3. இடமும் காலமும்

சீமெந்து போட்ட தரைதான் நல்லது. செம்மண் முற்றமோ வடமராட்சிப் பக்கத்து மணலோ என்றால், ஒவ்வொரு ஸ்டான்டுக்கும் கீழே தடித்த அகலப் பலகை போடுங்கள். காலையில் மட்டமாக நின்ற ஸ்டான்ட் மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் புதைந்து சரிவது மணலில் சாதாரணம்.

சீமெந்துக் கல்லை அடுக்கி வண்டியை அதன் மேல் வைக்கவே வேண்டாம். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் அந்தக் கல் கிடப்பதால் கை தானாக அதற்குத்தான் போகும். அதன் நடு வெறும் கூடு. பாரம் ஒரு முனையில் பட்டால் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும், நீங்கள் அதற்குக் கீழே படுத்திருப்பீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை இல்லாமல் தொடங்காதீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் மழைப் பயம் இல்லை, ஆனால் புழுதி. காற்று வரும் பக்கம் தறப்பாளைக் கட்டிக்கொள்ளுங்கள். கிளச்சுக்குள்ளும் திறந்த பெட்டிக்குள்ளும் மணல் போகக்கூடாது.

வேலைக்கு இரண்டு நாள் முன்பே சைலன்சர் குழாய், புரொப்பெலர் ஷாஃப்ட், கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றின் போல்ட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். மயிலிட்டி, பருத்தித்துறை போன்ற கரையோரத்தில் ஓடிய வண்டி என்றால் தினம் இரு தடவை அடியுங்கள். உப்புத் துரு பிடித்த போல்ட்டை ஊறவிடாமல் திருகினால் தலை முறிந்துபோகும், அப்புறம் துளைபோட்டு எடுக்க அரை நாள் போகும்.

4. உயர்த்துவதற்கு முன் இளக்குங்கள்

வண்டி நிலத்தில் நிற்கும்போதே, ஹான்ட் பிறேக்கை இழுத்து, கியரில் போட்டு, புரொப்பெலர் ஷாஃப்டின் நட்டுகளைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். ஸ்டான்டில் ஏற்றிய பிறகு பெரிய பலம் கொடுத்து இழுத்தால் வண்டியே ஆடும். எட்டாத நட்டுக்கு வண்டியைக் கொஞ்சம் தள்ளி ஷாஃப்டைத் திருப்பிக்கொள்ளலாம். முன் சில்லின் ஹப்பை ‘ஃப்ரீ’யில் வைத்தால் முன் ஷாஃப்டைக் கையாலேயே சுழற்றலாம். அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால் நாலு சில்லு லீவரைப் போட்டுவிடுங்கள்.

பிறகு பட்டரியின் மைனஸ் வயரை எடுங்கள். ஸ்டார்ட்டருக்கு நேராகப் பட்டரியிலிருந்து தடித்த வயர் வருகிறது, ஸ்பானர் அதில் முட்டினால் பொறி பறக்கும்.

இப்போது நாலு ஸ்டான்டிலும் சட்டத்தின் மேல் வண்டியை ஏற்றுங்கள். எவ்வளவு உயரம்? ஜக்கில் வைத்த பெட்டி வண்டிக்குக் கீழால் வெளியே வர வேண்டும், அதுதான் அளவு. பலர் தாங்கள் படுக்க இடம் போதும் என்று நிறுத்திவிட்டு, பெட்டியை இறக்கிய பிறகு அதை வெளியே இழுக்க முடியாமல் நிற்பார்கள். ஏற்றியதும் வண்டியைத் தோளால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் திரும்ப இறக்கி வையுங்கள்.

5. கபினுக்குள் லீவர்கள்

கியர் லீவரின் ரப்பர் உறைகளை விலக்கினால் லீவரின் அடியில் ஒரு மூடி தெரியும். அதன் மேல் துணியைப் போட்டு, கீழ்நோக்கி அழுத்தியபடி மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் லீவர் கழன்று வரும். ட்ரான்ஸ்ஃபர் லீவரில் ஸ்னாப் ரிங் இருக்கும். அதைக் குறடால் எடுத்துவிட்டு லீவரை மேலே இழுங்கள். இழுக்கும் முன் அது எச்-2இல் (இரண்டு சில்லு ஓட்டத்தில்) நிற்கிறதா என்று பாருங்கள். ஏன் என்று 11ஆம் பகுதியில் தெரியும்.

இரண்டு துளைகளிலும் சுத்தமான துணியை அடையுங்கள். இந்தப் படியை மறந்து கீழ் வேலையை முடித்தவர்கள், பெட்டி ஏன் இறங்க மறுக்கிறது என்று ஜக்கைப் போட்டு அமுக்குவார்கள். லீவர் தளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

6. கீழே இருந்து கழற்றும் வரிசை

ஒயிலில் தொடங்குங்கள். கியர்பொக்ஸிலும் ட்ரான்ஸ்ஃபரிலும் தனித்தனி ஒயில் இருக்கிறது. நிரப்பும் போல்ட்டை முதலில் திறந்து பார்த்த பிறகுதான் வடிக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். வடித்துவிட்டு நிரப்பும் போல்ட் கழறவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வடிக்காமல் ஷாஃப்டைக் கழற்றினால் சில வண்டிகளில் அந்த வழியால் ஒயில் ஒழுகி முகத்தில் விழும்.

அடுத்தது ஷாஃப்டுகள். ஃபிளான்ஜ் இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். உள்ளே சறுக்கும் பகுதி பிரிந்து வரக்கூடியது என்றால் அதற்கும் ஒரு கோடு. பழைய இடத்திலேயே திரும்பப் பூட்டாவிட்டால் ஓட்டத்தில் அதிர்வு வரும், காரணம் புதுக் கிளச் என்று நினைத்துக்கொள்வீர்கள். நீளமான வண்டிகள் சிலவற்றில் பின் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் ஒரு பெயரிங்கோடு இருக்கும். அந்த பெயரிங் தாங்கியையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

பிறகு ஸ்பீடோ கேபிள், ரிவேர்ஸ் லைட் வயர், நாலு சில்லு சிக்னல் வயர். ஒவ்வொன்றுக்கும் துண்டுக் கடுதாசியை ரேப்பால் சுற்றி, என்னவென்று எழுதி வையுங்கள். கழற்றுமுன் ஃபோனில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது.

சிலேவ் சிலிண்டரைக் குழாயோடு சேர்த்தே கழற்றி, ஓரமாகக் கம்பியால் கட்டுங்கள். குழாயைத் திறக்கத் தேவையில்லை. அது தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவரும் பெடலை மிதிக்கக்கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே பாயும். சின்னப்பிள்ளைகள் ட்ரைவர் சீற்றில் ஏறி விளையாடும் வீடென்றால் கதவைப் பூட்டிவிடுங்கள்.

ஸ்டார்ட்டரைக் கழற்றி அதையும் கம்பியில் கட்டுங்கள், வயரில் தொங்கவிட வேண்டாம். முன் சைலன்சர் குழாய் பெட்டியில் பிடித்திருக்கும் இடத்தைக் கழற்றுங்கள். எஞ்சினின் அடியிலிருந்து பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினோடு சேரும் கியர்பொக்ஸின் முன் கூடு) போகும் சின்னப் பலப்படுத்தும் தகடுகள் இருந்தால் அவையும் வெளியே.

போல்ட்டுகளை எல்லாம் ஒரே பேணியில் போட வேண்டாம். பெல் ஹவுசிங் போல்ட்டுகள் ஒரே தடிப்பு, வெவ்வேறு நீளம். ஒரு காட்போட் மட்டையில் பெல் ஹவுசிங்கின் வடிவத்தைக் கீறி, அந்தந்த இடத்தில் துளையிட்டு போல்ட்டைக் குத்தி வையுங்கள்.

7. பெட்டியை இறக்குதல்

முதலில் எஞ்சினைத் தாங்குங்கள். குறுக்குச் சட்டத்தை எடுத்தவுடன் எஞ்சினின் பின்புறத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரு ஜக்கை ஒயில் சம்பின் பின் ஓரத்தில், அகலப் பலகை வைத்து, தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். பலகை இல்லாமல் உயர்த்தினால் சம்ப் தகடு உள்ளே நெளிந்து ஒயில் பம்பின் உறிஞ்சியை அடைக்கும்.

இரண்டாவது ஜக் பெட்டிக்கு. பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். ட்ரான்ஸ்ஃபர் ஒரு பக்கம் தள்ளி நிற்பதால் பாரம் நடுவில் இல்லை. கட்டாமல் இறக்கினால் பெட்டி ட்ரான்ஸ்ஃபர் பக்கமாகக் கவிழும்.

இனிக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, இரண்டு ஜக்கையும் சேர்த்துப் பெட்டியின் வாலை, அதாவது பின் முனையை, கொஞ்சம் தாழ்த்துங்கள். அப்போதுதான் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியும். ட்ரான்ஸ்ஃபருக்கு மேலால் நீண்ட எக்ஸ்டென்ஷனை விட்டுப் பின்னாலிருந்து திருகலாம். மேலிருந்து கையை நுழைத்து அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுபவர்கள் இதை அறியாதவர்கள். தாழ்த்தும்போது ஒருவர் பொனட்டைத் திறந்து, ஃபேன் ரேடியேட்டர் கூட்டில் முட்டுகிறதா, ஹோஸ்கள் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லா போல்ட்டும் வெளியே வந்ததும் பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுங்கள். இன்புட் ஷாஃப்ட் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தாண்டி முழுதாக வெளியே வரும் வரை ஜக் ஒரு விரற்கடைகூடத் தாழக்கூடாது. பாதியில் தாழ்த்தினால் முழுப் பாரமும் ஷாஃப்டில் தொங்கும். பெட்டி அசையாவிட்டால் மறந்த போல்ட் ஒன்று நிச்சயம் இருக்கிறது. கம்பி போட்டுப் பிளக்குமுன் மட்டையில் ஓட்டையை எண்ணிப் பாருங்கள்.

8. கழற்றியதைப் பாருங்கள்

பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. மாஸ்க் போட்டு, பிறேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடையுங்கள்.

ஈரம் இருந்தால் எந்த எண்ணெய் என்று கண்டுபிடியுங்கள். கறுப்பாக, டீசல் எஞ்சின் மணத்தோடு இருந்தால் கிராங்கின் பின் சீல். மஞ்சள் கலந்து, கந்தகம் போல மூக்கை அடிக்கும் நாற்றம் என்றால் கியர்பொக்ஸின் முன் சீல். எண்ணெய் குடித்த பிளேட்டைக் கழுவிப் போட முடியாது. சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவதும் காசை ஒயிலில் ஊறவைப்பதுதான்.

தேய்வுக்கு அளவு உண்டு. பிளேட்டின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை வரை 0.3 மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் எல்லை. பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகளில் 0.6 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் அது முடிந்தது.

இப்போது புதுப் பிளேட்டைப் பழையதன் மேல் வைத்து ஒப்பிடுங்கள். வெளி விட்டம், நடுத் துளையின் பல் எண்ணிக்கை, தடிப்பு. பிறகு புதுப் பிளேட்டை இன்புட் ஷாஃப்டில் செருகிப் பாருங்கள், தடையில்லாமல் சறுக்க வேண்டும். கடைக்குத் திரும்பிப் போவதென்றால் இதுதான் கடைசி நேரம்.

9. பிளைவீல், சீல், பைலட் பெயரிங்

பிளைவீலின் முகத்தில் நீல நிறச் சூட்டுத் தழும்பும் மயிர் வெடிப்பும் தேடுங்கள். லேசான கோடுகளை உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்தால் போதும். பள்ளமோ தழும்போ இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தை மட்டமாக எடுப்பியுங்கள். வெடிப்பு என்றால் வேறு பிளைவீல்தான். கழற்றுமுன் கிராங்குக்கும் அதற்கும் ஒரு அடையாளக் கோடு போடுங்கள். பூட்டும்போது அந்த போல்ட்டுகளின் இறுக்கத்தை உங்கள் எஞ்சினின் மனுவலில் பார்த்துத்தான் வைக்க வேண்டும், எஞ்சினுக்கு எஞ்சின் அது மாறும். ஸ்டார்ட்டர் பல் வளையத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

பின் சீலை இப்போதே மாற்றுங்கள். கசியாவிட்டாலும் மாற்றுங்கள்.

பைலட் பெயரிங் கிராங்கின் நடுவில் இருக்கும் சின்ன பெயரிங். இழுக்கும் புல்லர் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் பாண் வைத்தியம் இருக்கிறது. நனைத்த பாண் துண்டுகளை பெயரிங்கின் துளைக்குள் அடைத்து, துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் உருண்டைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். பாண் பின்னால் போய் இறுகி பெயரிங்கை வெளியே தள்ளும். கம்பி தளர்வாக இருந்தால் பாண் ஓரத்தால் பிதுங்கி முகத்தில் தெறிக்கும், வேறொன்றும் நடக்காது. கிறீஸாலும் செய்யலாம், ஆனால் அதைத் துடைத்து முடிக்கும் பாடு பெரிது. புது பெயரிங்கை அடிக்கும்போது வெளி வளையத்தில் படும் அளவு சொக்கெட்டை வைத்து அடியுங்கள். உள் வளையத்தில் அடித்தால் பந்துகள் தழும்பாகும்.

10. புதுக் கிளச்சைப் பூட்டுதல்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிளைவீலையும் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் பிறேக் கிளீனரால் துடையுங்கள். பிரஷர் பிளேட் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வருகிறது, அது போக வேண்டும். மண்ணெண்ணெயால் கழுவுவது எங்களுக்குப் பழக்கம். இங்கே அது வேண்டாம், காய்ந்த பிறகும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.

பிளேட்டுக்கு முன், பின் உண்டு. எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். எழுத்து இல்லாவிட்டால், ஸ்பிரிங் கூடு புடைத்த பக்கம் கியர்பொக்ஸ் பக்கம். மாறிப் பூட்டினால் நடுப்பகுதி பிளைவீல் போல்ட்டில் உரசும், கிளச் பிரியாது, எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும்.

பிளாஸ்டிக் அச்சைப் பிளேட்டுக்குள்ளால் விட்டு, அதன் மூக்கு பைலட் பெயரிங்கில் அமரும்படி செருகுங்கள். அச்சு இல்லாமல் கண்மட்டத்தில் வைத்தால் சரியாகாது. பெட்டி ஏறும்போது இன்புட் ஷாஃப்ட் பிளேட்டையும் பைலட் பெயரிங்கையும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும், ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் அது உள்ளே போகாது.

பிரஷர் பிளேட்டைப் பிளைவீலின் ஊசிகளில் பொருத்தி, எல்லா போல்ட்டையும் கையால் திருகுங்கள். பிறகு எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் கூடு நெளியும், பிறகு வண்டி எடுக்கும்போது உதறும். கடைசி இறுக்கம் டொயோட்டாவுக்கு 19 நியூட்டன் மீற்றர். இது பெரிய பலம் இல்லை. காலால் உதைத்து இறுக்கிப் பழகியவர்கள்தான் இந்தச் சின்ன போல்ட்டை முறிப்பார்கள்.

இறுக்கி முடித்ததும் அச்சை வெளியே இழுத்து மீண்டும் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் போய்வர வேண்டும். சிக்கினால் போல்ட்டை இளக்கி மீண்டும் நடுவாக்குங்கள்.

ரிலீஸ் பெயரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கையும் மறக்க வேண்டாம். அது சாயும் உருண்டைத் தலை, ரிலீஸ் பெயரிங் அமரும் இடம், பெயரிங் கூட்டின் உள் பள்ளம், இன்புட் ஷாஃப்டின் பற்கள் ஆகியவற்றில் மொலிப்டினம் கிறீஸை மெல்லிசாகப் பூசுங்கள். பல்லில் தாராளமாகப் பூசினால் சுழற்சியில் அது பிளேட்டுக்குத் தெறிக்கும். கிளிப்புகள் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று ஃபோர்க்கை ஆட்டிப் பாருங்கள்.

11. பெட்டியை ஏற்றுதல்

இதுதான் ஆட்களைக் களைக்க வைக்கும் இடம். சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போது தொடங்குங்கள்.

பெல் ஹவுசிங் போல்ட்டின் அதே மரையுள்ள இரண்டு நீள போல்ட்டை வாங்கி, தலையை வெட்டி, எஞ்சினின் இரு பக்கத் துளைகளில் திருகி வையுங்கள். பெட்டி இந்த இரண்டு கம்பியிலும் ஏறிவிட்டால் பக்கவாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. இந்தச் சின்ன ஏற்பாட்டுக்காகச் செலவிடும் அரை மணித்தியாலம் பின்னேரம் முழுவதையும் மிச்சப்படுத்தும்.

லீவரைத் தற்காலிகமாகச் செருகி கியர்பொக்ஸை நாலாம் கியரில் போட்டுவிட்டு லீவரை எடுங்கள். இப்போது பின் ஃபிளான்ஜைத் திருப்பினால் இன்புட் ஷாஃப்டும் சுழலும், பல்லைப் பல்லோடு பொருத்தலாம். ட்ரான்ஸ்ஃபர் எச்-2இல் நின்றால்தான் இது நடக்கும். நியூட்ரலில் நின்றால் ஃபிளான்ஜை எவ்வளவு சுற்றினாலும் முன்னால் ஒன்றும் அசையாது. இதைத் தெரியாமல் “பல்லு பொருந்துதில்லை” என்று பிளேட்டைத் திரும்பக் கழற்றியவர்களும் உண்டு.

பெட்டியை ஜக்கில் உயர்த்தி, எஞ்சினின் சாய்வுக்கே அதன் சாய்வையும் கொண்டுவாருங்கள். எஞ்சினின் பின் முகத்துக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையிலான வெளி மேலே, கீழே, இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். விரலை விட்டு அளந்து பாருங்கள். மேலே கூடுதல் வெளி என்றால் வால் தாழ்ந்திருக்கிறது, வாலை உயர்த்துங்கள். பிறகு ஒருவர் தள்ள, மற்றவர் ஃபிளான்ஜை மெதுவாக முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். சரியாகப் பொருந்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு பெட்டி உள்ளே போய் முகத்தோடு முகம் ஒட்டும்.

கடைசி இரண்டு விரற்கடை வெளி நிற்கும்போது எல்லாருக்கும் ஒரே யோசனை வரும். கோண்டாவிலில் ஒரு தம்பி ஸ்பானரோடு கேட்டார்: “அண்ணை, போல்ட்டைப் போட்டு இறுக்கினா தானா வந்திடும்தானே?”

“வரும் தம்பி. பிளேட்டின்ரை நடுவும் உடைஞ்சுதான் வரும்.”

போல்ட் பெட்டியை இழுப்பதற்கு இல்லை, வந்து சேர்ந்த பெட்டியைப் பிடிப்பதற்கு. கையால் தள்ளி ஒட்டாத பெட்டியை போல்ட்டால் இழுத்தால் பிளேட்டின் நடுக் கூடு நெளியும், அல்லது பெல் ஹவுசிங்கின் அலுமினியக் காது வெடிக்கும். போகவில்லை என்றால் பின்னுக்கு இழுத்து, சாய்வை மீண்டும் பாருங்கள். அதோடு, பாதி ஏறிய பெட்டியை ஜக் இல்லாமல் ஷாஃப்டில் தொங்கவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள்.

ஒட்டிய பிறகு போல்ட்டுகளை மட்டையில் இருந்த இடப்படி பூட்டுங்கள். குறுக்குச் சட்டத்தைப் போட்டு முடித்த பிறகுதான் இரண்டு ஜக்கையும் எடுக்கலாம்.

12. மீதியைப் பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஸ்டார்ட்டர், சைலன்சர், சிலேவ், வயர்கள், ஷாஃப்டுகள், லீவர்கள். ஷாஃப்டின் பெயின்ட் கோடுகள் சேர வேண்டும்.

ஒயிலை இப்போதே ஊற்றுங்கள். நாளைக்கு ஊற்றலாம் என்று விட்டு, இரவில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசைதான் கியர்பொக்ஸைக் கொல்லும். கியர்பொக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் தனித்தனியாக, நிரப்பும் துளையின் கீழ் ஓரம் மட்டத்துக்கு வரும் வரை ஊற்ற வேண்டும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும், முன் மட்டும் உயர்ந்திருந்தால் அளவு பிழைக்கும்.

13. எயார் எடுத்தலும் பெடலும்

சிலேவைத் திறக்கவில்லை என்றால் எயார் எடுக்கத் தேவை வராமலும் போகலாம். ஆனால் பழைய எண்ணெய் கறுத்திருந்தால் இதோடு மாற்றிவிடுங்கள். சிலேவின் நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, மறு முனையை எண்ணெய் உள்ள போத்தலில் விடுங்கள். மேலே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்தி விட்டால் எயார் திரும்ப உள்ளே போகும். “மிதி”, “பிடி”, “விடு” என்று சத்தமாகச் சொல்லிச் செய்யுங்கள். டாங்கியில் எண்ணெய் வற்றவிடக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், பெயின்டை அது தின்றுவிடும்.

பெடலைக் கையால் அழுத்தினால் பாரம் ஏறுமுன் 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். அசைவே இல்லாவிட்டால் ரிலீஸ் பெயரிங் எப்போதும் சுழன்றபடி இருக்கும், கிளச்சும் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பியில் இதைச் சரிசெய்யலாம்.

14. முதல் ஓட்டம்

ஸ்டான்டில் இருக்கும்போதே நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, பெடலை மிதித்து, சில வினாடி விட்டு ரிவேர்ஸ் போடுங்கள். கரகரக்காமல் விழ வேண்டும். சத்தம் எதுவும் இல்லை என்றால் இறக்கி, ஒழுங்கையில் ஒரு சுற்றுப் போய் வந்து, அடியில் ஒயில் சொட்டுகிறதா என்று கடதாசி விரித்துப் பாருங்கள்.

முதல் 500 கிலோமீற்றருக்குப் பாரம் ஏற்றாதீர்கள். சந்தை, பள்ளிக்கூடம் என்று நின்று நின்று போகும் ஓட்டம்தான் பிளேட்டும் பிளைவீலும் ஒன்றோடொன்று படிய நல்லது. மணற்காட்டு மணலில் வலைப் பாரத்தோடு கிளச்சை அரை மிதியில் வைத்து உறுமுவதெல்லாம் இந்தக் காலத்தில் கூடவே கூடாது. பிறகும் மணலில் இறங்கினால் லீவரை எல்-4இல் (நாலு சில்லு, மெதுவான ஓட்டம்) போட்டு, பெடலை முழுதாக விட்டு ஓட்டுங்கள்.

அந்த 500 கிலோமீற்றர் முடிந்ததும் ஒரு தடவை கீழே படுத்து, ஷாஃப்டின் நட்டுகள், குறுக்குச் சட்ட போல்ட்டுகள், இரண்டு ஒயில் மட்டங்கள், சிலேவின் ரப்பர் மூடி ஆகியவற்றைப் பாருங்கள். ஷாஃப்ட் நட்டுகளில் ஏதாவது ஒன்று கொஞ்சம் இடம் கொடுத்தால் எல்லாவற்றையும் மீண்டும் டோர்க் ரெஞ்சில் வைத்து இறுக்குங்கள்.